வானத்தைப் பார்த்த சைலன்சர்

எங்கள் வண்டியின் சைலன்சர் வானத்தைப் பார்த்து நின்றது. மற்றவர்களின் மொபெட்டில் அது பின்சக்கரத்தை ஒட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே, சாதுவாகப் படுத்திருக்கும். எங்களுடையது பாதி தூரம் அப்படியே வந்து, பிறகு கழுத்தைத் தூக்கி, பின்னால் உட்காருகிறவரின் முழங்கைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து வைத்திருந்தது. ஊரில் அதை நாகப்பாம்பு என்று கேலி செய்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். எனக்கு மட்டும் அந்த வாயைப் பார்த்தால் சிரிப்பு வராது. இது என்றைக்காவது அப்பாவை என்னவோ செய்யப்போகிறது என்ற நினைப்பு, அதை வளைத்த அன்றைக்கே எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்பா அந்த வண்டியை வாங்கியதும் நான் கல்லூரியில் சேர்ந்ததும் ஒரே வருஷம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வண்டி என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அப்பா. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் எங்கள் ஊர். இரண்டு கை மாறி வந்த ஐம்பது சிசி மொபெட் அது. சைக்கிள் மாதிரியே பெடல் உண்டு. மிதித்துத்தான் இன்ஜினை எழுப்ப வேண்டும். இன்ஜின் படுத்துக்கொண்டால் சைக்கிளாகவே மிதித்து வீடு வந்துவிடலாம். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு முன்னால், ஓட்டுகிறவரின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருந்தது. அப்பா அந்த டேங்கைக் கன்றுக்குட்டியின் முதுகைத் தடவுகிற மாதிரி தடவுவார். வெயிலில் நிறுத்தமாட்டார். சாய்த்துப் போடமாட்டார். மழை பெய்தால் வண்டி வீட்டுக்குள் வரும், நாங்கள் ஒதுங்கிப் படுப்போம்.

எங்கள் வயல் ஓடைக்கு அந்தப்பக்கம். நடுவில் ஒரு தரைப்பாலம். பெரியாறு அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் அந்தப் பாலத்தின் மேல் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடும். கைப்பிடிச் சுவரெல்லாம் கிடையாது. எங்கே பாலம் முடிகிறது, எங்கே பள்ளம் ஆரம்பிக்கிறது என்பது நாள்தோறும் போய்வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

வண்டி வந்த பிறகு வந்த முதல் தண்ணீர்க் காலத்தில், ஒருநாள் காலையில் உர மூட்டையை முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அப்பா தண்ணீருக்குள் இறக்கினார். பாதிப் பாலம் போனதும் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறியது. இன்ஜின் விக்கல் எடுத்த மாதிரி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. அந்த நொடியில் தண்ணீரின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பின்சக்கரம் மெல்ல மெல்ல ஓரத்தை நோக்கி நகர்வது எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அப்பா திரும்பிப் பார்க்காமல், "எறங்கிறாத, எறங்குனா கால வாரிரும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே பெடலை மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் அவருடைய முதுகு வில்லாக வளைந்தது. கரை ஏறியபோது நான் அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்திருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பா சித்தப்பாவிடம் போனார். சித்தப்பா அப்பாவின் தம்பி, பக்கத்து வீடு. பம்புசெட்டுக்குப் பைப் போடுவது அவருடைய வேலை. தோட்டங்களில் பிளாஸ்டிக் பைப்பை எந்தக் கோணத்துக்கு வேண்டுமானாலும் வளைத்துக் கொடுப்பார். பைப்புக்குள் மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, வைக்கோல் தீயில் வாட்டி வளைத்தால் நசுங்காமல் வரும். அவர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, இது ஒரு விஷயமே இல்லை என்றார்.

"எருமைய ஆத்துல எறக்குனா என்ன பண்ணுது? மூக்கத் தூக்கிக்கிருதுல்ல? இதுக்கும் மூக்கத் தூக்கி விட்ருவோம்."

அப்பாவுக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்துப்போனது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் சைலன்சரைக் கழற்றி அவருடைய வாசலில் வைத்தபோது, வாலை அறுத்துப் போட்ட பிராணி மாதிரி அது கிடந்ததைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

நீட்டித்து ஒட்டுவதற்குச் சித்தப்பா பழைய சைக்கிள் ஹேண்டில்பார் ஒன்றை எடுத்துவந்தார். அதன் வளைவு எங்களுக்கு வேண்டிய வளைவு இல்லை. இன்னும் கொஞ்சம் நிமிர வேண்டும். ஆகவே வழக்கம்போல மணல் நிரப்பினார். ஓடையிலிருந்து முந்தின நாள் அள்ளி வைத்திருந்த மணல். கீழே சிந்திய மணல் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. தட்டினேன், விழவில்லை. ஈரமாக இருக்கிறதே சித்தப்பா என்று சொன்னேன். அதெல்லாம் நேற்றே காய்ந்துவிட்டது என்று சொல்லி, இரண்டு முனையிலும் வேப்பங்கட்டையைச் சீவி, சுத்தியலால் அடித்து இறுக்கினார். பிளாஸ்டிக் பைப்புக்கு அது போதும். வைக்கோல் தீயில் பைப் இளகுவதற்குள் மணலின் ஈரம் கொதிக்கக்கூடச் செய்யாது. இது இரும்பு. அடுப்புக்கரியைக் கொட்டி, ஊதுகுழாய் வைத்து ஊதி, சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டியிருந்தது.

அப்பா கரிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பைப்பின் ஒரு முனையை இடுக்கியால் பிடித்திருந்தார். இரும்பு சிவந்துகொண்டு வந்தது. உள்ளே ஏதோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். நான் அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

வெடி வெடித்த மாதிரி இருந்தது. வேப்பங்கட்டை அப்பாவின் காதை ஒட்டிப் பறந்து, பின்னாலிருந்த தென்னங்கீற்றுத் தட்டியைத் துளைத்துக்கொண்டு போய் அந்தப்பக்கம் விழுந்தது. சுடுமணல் வாசலெல்லாம் தெறித்தது. அப்பா அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். கையை எடுத்துக் காதைத் தடவிப் பார்த்தார். காது இருந்தது.

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு அப்பாவும் சிரித்தார். அம்மா ஓடிவந்து என்ன சத்தம் என்று கேட்டபோது, "உம் மகன் போட்ட சத்தம்தான், வேற ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. நான் உண்மையிலேயே கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. தட்டியில் விழுந்திருந்த ஓட்டை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவின் தலை இருந்த உயரம் அது.

மறுநாள் மணலைச் சட்டியில் வறுத்து நிரப்பி, வளைத்து, சின்னமனூரில் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மாட்டி ஓட்டிப் பார்த்தபோது வண்டி இழுக்கவில்லை. இத்தனை வளைவில் புகை வெளியே போக முடியாமல் மூச்சு முட்டுகிறது என்று கண்டுபிடித்து, சத்தத்தை அடக்குவதற்காகச் சைலன்சருக்குள் இருக்கும் ஓட்டை போட்ட உள்குழாயைச் சித்தப்பா உருவி எறிந்தார். அதற்குப் பிறகு வண்டி பறந்தது. சத்தமும் பறந்தது. தெருமுனையில் கிளப்பினால் கோயில் மைதானத்தில் மேயும் ஆடுகள் தலையைத் தூக்கின. அப்பா அதில் உட்கார்ந்து ஓட்டும்போது பக்கத்தில் நின்று என்ன சொன்னாலும் கேட்காது. சைகைதான்.

அம்மாவுக்கு அந்தச் சத்தம் வசதியாகிவிட்டது. வயலிலிருந்து அப்பா கிளம்புவது வீட்டுக்கே கேட்கும். "உங்கப்பா தரைப்பாலம் தாண்டிட்டாக" என்று சொல்லிக்கொண்டே சோற்றுப்பானையை இறக்குவாள். நான் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, சத்தம் ஓடைக்குள் இறங்குவதையும் ஏறுவதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் நின்றுபோகிறதா என்று காது அங்கேயே கிடக்கும். ஒரு தடவைகூட நிற்கவில்லை. சித்தப்பா சொன்னது சரிதான். அந்தத் தண்ணீர்க் காலம் முழுக்க வண்டி எருமை மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தது.

ஆனால் பொழுது இறங்குகிற நேரத்தில் ஒருநாள் அப்பா வாசலில் வண்டியைக் கிளப்பியபோது, அந்த வாயிலிருந்து பொறி வந்ததைப் பார்த்தேன். ஒன்றிரண்டு சிவப்புப் புள்ளிகள் துள்ளி வெளியே வந்து, காற்றிலேயே அணைந்தன. உள்ளே படியும் எண்ணெய்க்கரி சூடேறி உதிர்ந்து வருகிறது. முன்பானால் அந்த உள்குழாய் தடுத்துக்கொண்டிருக்கும். இதை அப்பாவிடம் சொன்னேன். நெருப்புப் பொறி என்றால் எவ்வளவு பெரிசு என்று கேட்டார். கடுகளவு என்றேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்கன வா. உம் மகன் கடுகுக்குப் பயப்படுறான். படிப்பு பயத்தத்தான் சொல்லிக் குடுக்கும்போல."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் வயற்காட்டில் பேச்சைவிடத் துண்டுக்குத்தான் மரியாதை அதிகம். கிணற்று மோட்டார் ஓடும்போது கூப்பிட்டால் கேட்காது என்பதால், கடைசி வயலில் நிற்பவர் மோட்டார் ரூமில் இருப்பவருக்குத் துண்டால்தான் சேதி சொல்லுவார். தலைக்கு மேலே சுற்றினால் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது, மோட்டாரை நிறுத்து. இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தால் சாப்பிட வா. பள்ளிக்கூட லீவில் நான் செய்த வேலையே இந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். இவற்றில் ஒன்றை மட்டும் விளையாட்டுக்குக்கூட யாரும் காட்டமாட்டார்கள். குனிந்து, துண்டால் தரையை ஓங்கி ஓங்கி அடிப்பது. அதற்குக் கரை உடைந்துவிட்டது என்று அர்த்தம். உடைப்பு எடுத்த தண்ணீர் ஒரு வயலோடு நிற்காது; மண்ணையும் நாற்றையும் வாரிக்கொண்டு அடுத்தவர் வயலில் தள்ளும். ஆகவே அந்தச் சைகையைப் பார்த்தால் கையில் இருப்பதை இருந்த இடத்தில் போட்டுவிட்டு ஓடவேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் ஓடிவருவான். அப்பா ஒரு தடவை வாயில் வைத்த கவளத்தோடு ஓடியிருக்கிறார். திரும்பி வந்தபோது தூக்குவாளியை நாய் கவிழ்த்திருந்தது.

அறுப்பு வந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். தரைப்பாலம் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. இனி சைலன்சரை இறக்கிவிடலாமே என்று நான் இரண்டு பேரிடமும் கேட்டேன். அடுத்த போகத்துக்கு மறுபடி தண்ணீர் வராதா என்றார் அப்பா. வளைத்ததை மறுபடி நிமிர்த்தினால் முறிந்துபோகும் என்றார் சித்தப்பா. அந்த நேரத்தில் எங்களுக்கு ஏற்ற வேண்டியிருந்தது வைக்கோல்.

வைக்கோலில் பெரும்பகுதி லாரியில் கேரளாவுக்குப் போய்விடும். வீட்டு மாட்டுக்கு வேண்டியதை நாங்களே கட்டித் தூக்குவோம். மொபெட்டின் பின்னால் வைக்கோல் கட்டினால் பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு வண்டியும் தெரியாது, ஓட்டுகிற ஆளும் தெரியாது. ஒரு சின்ன வைக்கோற்போர் தானாக ரோட்டில் போகிற மாதிரி இருக்கும். அப்பா ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தபோது, சைலன்சரின் வாய் வைக்கோலின் விலாவில் வந்து நின்றது.

அன்றைக்கு நான் பிடிவாதம் பிடித்தேன். ஏற்றவே கூடாது என்றேன். அப்பா என்ன நினைத்தாரோ, வீட்டுக்குப் போய் மாட்டுத் தொட்டியில் ஒரு சாக்கை முக்கி எடுத்துவந்து, நாலாக மடித்து, குழாய்க்கும் வைக்கோலுக்கும் நடுவில் செருகச் சொன்னார். நான்தான் செருகினேன். வாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி குழாயையும் கொஞ்சம் திருகிவிட்டார். போதுமா என்று கேட்டார். நான் சாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். அவர் கிளம்பிவிட்டார்.

காலையிலிருந்து நடை நடந்தது. வீட்டில் இறக்கியதும் அம்மா சாக்கைத் தொட்டியில் முக்கிக் கொடுப்பாள். அப்பா அதைப் போட்டுக்கொண்டு வயலுக்கு வருவார். மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து வறண்ட காற்று கிளம்பியது. கடைசிக் கட்டை ஏற்றும்போது சாக்கைத் தொட்டேன். ஓரங்கள் மொரமொரவென்று காய்ந்திருந்தன. நடுவில் மட்டும் ஈரம். நனைக்க அங்கே தண்ணீர் இல்லை. மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. ஓடை காய்ந்து கிடந்தது. குடிக்கக் கொண்டுவந்திருந்த குடத்தில் மிச்சமிருந்ததை அப்பாவே சாக்கின் மேல் ஊற்றினார். "கடைசி நடைதானடா" என்றார்.

அவர் முன்னால் போனார். நான் அரிவாளையும் காலிக் குடத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தேன்.

முதலில் வாசனைதான் வந்தது. யாரோ அறுத்த வயலில் அரிதாளைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தேன், எங்கும் புகை இல்லை. பிறகு முன்னால் போகிற வைக்கோற்கட்டிலிருந்து மெல்லியதாக ஒரு நூல் பின்பக்கமாக நீண்டு வருவது தெரிந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டேன். அது தூசி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டின் வலது பக்கத்தில் ஒரு இடம் கறுத்து, உள்ளங்கையளவு சிவந்து, சட்டென்று விரிந்தது.

கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. முன்னால் போகும் வண்டியின் சத்தம் மட்டும்தான் அந்தக் காட்டில் இருந்தது. நிற்கச் சொல்லிக் கத்தினேன், குடத்தை அவிழ்த்து ரோட்டில் எறிந்தேன், அது உருண்ட சத்தமும் கேட்கவில்லை. பெடலை மிதித்தேன். மணல் ரோடு, சக்கரம் இழுத்துக்கொண்டது. வண்டிக்கும் எனக்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போனது. அப்பா ஒரே சீராக, எந்த அவசரமும் இல்லாமல், முதுகில் தீயைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஒருவேளை பாட்டுக்கூடப் பாடிக்கொண்டிருப்பார்.

அந்த இடத்தில் ரோடு, வடக்கு வயலைச் சுற்றி வளைந்து திரும்பும். அறுத்துப் போட்ட வயல் வழியாகக் குறுக்கே ஓடினால், வளைவின் அந்தப்பக்கம் அவருக்கு முன்னால் போய்விடலாம். சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. அரிதாள் பாதத்தில் குத்தியது. ஓடும்போதே பக்கவாட்டில் வண்டி தெரிந்தது. இப்போது தீ பெரிசாகியிருந்தது. ஆனால் வண்டி ஓடுகிற வேகத்துக்கும் எதிர்க்காற்றுக்கும் அது முழுக்கப் பின்பக்கமாகச் சாய்ந்து, வால் மாதிரி பறந்துகொண்டிருந்தது. அதனால்தான் அப்பாவுக்குச் சூடு தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நான் போய் முன்னால் நின்று கையை ஆட்டினால் அவர் என்ன செய்வார்? நிறுத்துவார். காலை ஊன்றிக்கொண்டு என்னடா என்பார். வண்டி நின்ற அந்த நொடியில் தீ நிமிர்ந்து முன்பக்கம் வரும். தென்னமட்டைப் பந்தம் பிடித்து ஓடியிருக்கிறேன். ஓடும்வரை தீ பின்னால் சாயும், நின்றால் கையைத் தேடி வரும். அவருடைய முதுகுக்கும் வைக்கோலுக்கும் நடுவில் ஒரு சட்டைத் துணிதான். முழங்காலுக்கு நடுவில் பெட்ரோல். வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவாருங்கள் என்று சைகையில் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் போடுவாரா? சாய்த்து நிறுத்தவே மனம் வராத மனுஷன். தீ என்று தெரிந்தால் வண்டியைக் காப்பாற்றப் பார்ப்பார். கட்டை அவிழ்க்கப் பார்ப்பார்.

வரப்பில் ஏறி நின்றேன். வண்டி வளைவில் திரும்பி என்னை நோக்கி வந்தது. அப்பாவின் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் வானமே புகையாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டார். இவன் எப்படி நமக்கு முன்னால் வந்தான் என்று புருவம் தூக்கியதுகூடத் தெரிந்தது.

தோளில் இருந்த துண்டை எடுத்தேன். குனிந்தேன். தரையை ஓங்கி அடித்தேன். நிமிராமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

வண்டி விழுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், அப்பா வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் என்னை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். கையில் மம்பட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டு விரல்கள் மூடியிருந்தன. அவருக்குப் பின்னால், விழுந்துகிடந்த வண்டியின் மேல், தீ மெல்ல எழுந்து நேராக நின்றது.

"எங்கனடா? எந்தக் கரை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

பார்த்தார். ஒரு கணம் அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் திரும்ப அதை நோக்கிக் கிளம்பினார். நான் பின்னாலிருந்து அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன். விடுடா, விடுடா என்றார். வண்டிடா என்றார். அப்பா என்னைவிடப் பலசாலி. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நாலைந்து எட்டு வைத்துவிட்டார். அப்போது டேங்க் பிடித்துக்கொண்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். அதோடு அந்த இடமே மஞ்சளாகிவிட்டது. அத்தனை தூரத்திலும் எங்கள் முகத்தில் சூடு அறைந்தது. அப்பாவின் உடம்பு என் கைக்குள் அப்படியே தளர்ந்தது. இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஓடிவருகிற சத்தம். வடக்கு வயல்காரரும் அவருடைய ஆட்களும் மம்பட்டியோடு வந்து நின்றார்கள். ஒரு வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை விட்டவர் அவர். துண்டைப் பார்த்துத்தான் வந்திருந்தார். மூச்சு வாங்க, காய்ந்து வெடித்த வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏலே, பொட்டுத் தண்ணி இல்லாத காட்டுல எந்தக் கரைடா ஒடைஞ்சுச்சு?"

அவரே எரிகிறதைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தீ அரிதாளில் பரவாமல் சுற்றிலும் மண்ணை வெட்டிப் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா எழுந்துபோய் ஒரு மம்பட்டியை வாங்கித் தானும் வெட்டினார்.

சித்தப்பா வந்தபோது வண்டி என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. டயர் கருகிய வளையங்கள், கம்பிகள். அதன் நடுவில் அந்த வளைந்த குழாய் மட்டும் எதுவும் ஆகாமல் வாயைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. சித்தப்பா அதைக் குச்சியால் தள்ளிப் பார்த்தார். வெல்டிங் நல்லாத்தான் வைத்திருக்கிறான் என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் அம்மா சோற்றுப்பானையை இறக்காமலே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கிளம்பியது, பாலம் தாண்டவில்லை. அவள் காதில் விழுந்தது அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேரையும் நடந்து வரப் பார்த்தபின் உள்ளே போய்ப் பானையை இறக்கினாள்.

மறுநாள் காலையில் அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தவள் அதை உதறி, வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். முதுகுப் பக்கம் முழுக்க மிளகளவு ஓட்டைகள். ஒவ்வொன்றின் ஓரமும் கருகியிருந்தது. வெளிச்சம் அதன் வழியாக அவளுடைய முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஒரு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சுடலையா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"எங்கன இருந்துடா எரிஞ்சுச்சு?"

"நம்ம வயல் முக்கு தாண்டுனதுல இருந்துப்பா."

அவர் அந்தத் தூரத்தை மனதுக்குள் நடந்து பார்த்திருக்க வேண்டும். சட்டையை அம்மாவிடமிருந்து வாங்கினார். அதைத் துவைக்கப் போடவில்லை. வேறு யார் கண்ணிலும் படாமல் எங்கேயோ வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் இன்னொரு பழைய மொபெட் வந்தது. அதன் சைலன்சர் கடைக்காரன் கொடுத்தபடியே படுத்துக்கிடந்தது. தண்ணீர் திறந்தபோது அப்பா வண்டியைப் பாலத்துக்கு இந்தப்பக்கமே புளியமரத்தடியில் நிறுத்தினார். மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் நடந்தார். நான் கரையில் நின்றேன். பாலத்தின் விளிம்பு எனக்கு இன்னும் தெரியாது. அவருடைய ஒவ்வொரு எட்டையும் பார்த்துக்கொண்டு, என்னை அறியாமல் தோளிலிருந்த துண்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பாலத்தின் நடுவில் நின்று அப்பா திரும்பிப் பார்த்தார்.

"டே, துண்ட மேல போடு. நீ குனிஞ்சேன்னா நான் ஓடப்போயி இங்கனயே விழுந்துருவேன்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் அந்தப்பக்கம் ஏறும்வரை அதன் முனையை விடவில்லை.